குமட்டல் இல்லாத மூக்கு

அன்று ஒரே காலையில் கோகிலவாணி முப்பத்தொரு கேன் நல்ல பாலைக் கெட்டுப்போனது என்று திருப்பி அனுப்பினாள். அதில்தான் எல்லாம் தொடங்கியது.

அவள் வேலை பார்த்த பால் கம்பெனி காவிரிக்கரைப் பக்கம் ஓர் ஊரில் இருந்தது. பெயர் வேண்டாம், சொன்னால் வாய் கொப்பளிக்க வேண்டியிருக்கும். மாட்டின் கழுத்தில் சில்லு கட்டி, கறந்த பால் எத்தனை டிகிரி என்று கைபேசியில் பார்க்கிற காலம் அது. கொழுப்பு, தண்ணீர், யூரியா எல்லாவற்றையும் இயந்திரம் நொடியில் சொல்லிவிடும். ஆனால் இயந்திரம் கேட்டதற்கு மட்டும்தான் பதில் சொல்லும். அதனிடம் எதைக் கேட்கக்கூடாது என்று கம்பெனிக்காரர்கள் சீக்கிரமே கற்றுக்கொண்டார்கள். அந்தக் கூத்தில் எங்கெங்கோ பிள்ளைகள் வயிறு கெட்டுப் படுத்த பிறகு அரசாங்கம் ஒரு சட்டம் போட்டது. ஒவ்வொரு லோடு பாலையும் ஒரு மனிதர் முகர்ந்து பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். நுகர்வுச் சான்று என்று அதற்குப் பெயர். கோகிலவாணி அந்தக் கம்பெனியின் மூக்கு.

பார்வைக்கு எளிய வேலை. கேனைத் திறந்ததும் பாலை முகரக்கூடாது, மூடியின் உட்புறத்தை முகர வேண்டும்; வாடை அங்கேதான் அடைந்து கிடக்கும். இரண்டு நொடியில் நல்லதா கெட்டதா என்று சொல்லிவிடலாம். கெட்டது ஒன்று வந்துவிட்டால் மட்டும் சிக்கல். அந்த வாடை மூக்கிலேயே தங்கிவிடும், அடுத்து வருகிற நல்ல பாலும் நாறும். அதற்கு மூக்குக்காரர்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். சொந்த முழங்கையின் உள்மடிப்பில் மூக்கைப் பதித்து இரண்டு முறை மூச்சிழுக்க வேண்டும். அவரவர் உடம்பு வாசனை அவரவர் மூக்குக்குப் பூஜ்ஜியம். தராசு முள்ளை நேராக்குவது மாதிரி மூக்கை நேராக்கிவிட்டு அடுத்த மூடிக்குப் போவார்கள்.

அன்று மூன்றாவது கேன் உண்மையிலேயே புளித்திருந்தது. கோகிலவாணி வழக்கம்போலக் கையை மடித்து மூச்சிழுத்தாள். முழங்கை நாறியது. பரணில் எலி செத்துக் கிடக்கிற நாற்றம்.

ஏழு மாதமாகவே அவளுக்குத் தன்மேல் அந்த நாற்றம்தான். முதலில் ஒரு நாளைக்கு மூன்று முறை குளித்தாள். பிறகு, இந்த உடம்புக்குத் தண்ணீர் ஒரு கேடா என்று குளிப்பதையே விட்டாள். பீரோ கண்ணாடியில் பழைய துண்டைப் போட்டு மூடினாள். சாப்பாட்டை மெல்லும்போது தன் வாய் அசைவது அவளுக்கே அசிங்கமாக இருந்தது. காரணம் கேட்டால் சொல்ல அவளிடம் ஒன்றும் இல்லை. யாரும் சாகவில்லை, யாரும் அடிக்கவில்லை, வீட்டில் சோற்றுக்குப் பஞ்சமில்லை. காரணமே இல்லாமல் இப்படிக் கிடக்கிறோமே என்பது இன்னும் கேவலமாக இருந்தது.

பூஜ்ஜியமே நாறினால் எல்லாம் நாறத்தானே செய்யும்? நான்காவது கேன் நாறியது. ஐந்தாவதும் நாறியது. அவள் திருப்பித் திருப்பி அனுப்ப, மேடைக்குக் கீழே சத்தம் ஏறியது.

"ஏனுங்கம்மிணி, மடிச்சூடு இன்னும் ஆறலீங்க. இதப்போயி கெட்டுப்போச்சுங்கறீங்க?" என்று ஒரு விவசாயி கத்தினார். கத்தியதோடு நிற்கவில்லை. தன் கேனிலிருந்து ஒரு டம்ளர் மொண்டு அவள் முகத்துக்கு நேராகவே மடமடவென்று குடித்தார். அவர் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்த கோகிலவாணி மேடை ஓரமாக ஓடி வாந்தியெடுத்தாள்.

கேன் கழுவுகிற பேபியக்காதான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். "மாசமா இருக்கறயா கண்ணு?" என்று கேட்டாள். இல்லை என்று தலையாட்டியபோது, அக்காவின் கையிலிருந்த தண்ணீரைத் தொடக்கூடத் தனக்கு யோக்கியதை இல்லை என்று கோகிலவாணிக்குத் தோன்றியது.

தர மேலாளர் திருமூர்த்தி திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. தன் அறைக்குக் கூப்பிட்டு உட்கார வைத்தார், மின்விசிறியைக் கூட்டி வைத்தார்.

"உடம்புக்கு வர்ற மாதிரிதானம்மா மனசுக்கும் வருது. இதுல வெக்கப்பட என்ன இருக்குது? நம்ம கம்பெனில இதுக்குன்னே ஒரு திட்டம் வச்சிருக்கறோம். டாக்டர் யசோதரான்னு ஈரோட்டுல இருக்கறாங்க. போய்ப் பாரு. எல்லாம் கம்பெனியே பாத்துக்கும்."

இவ்வளவு அன்பாக அவர் பேசி அவள் கேட்டதே இல்லை. அழுதுகொண்டே சரியென்றாள்.

டாக்டர் யசோதராவுக்கு ஐம்பது வயதிருக்கும். நிதானமான குரல். கோகிலவாணி தட்டுத்தடுமாறிச் சொன்னதையெல்லாம் இடைமறிக்காமல் கேட்டார்.

"அழுகின மீனைப் பார்த்தா 'சீ'ன்னு முகம் சுளிக்கிறோம் இல்லையா, அதுக்கு மூளையில ஒரு இடம் இருக்கு. உங்களுக்கு அந்த இடம் உங்களைப் பார்த்தே முகம் சுளிக்குது. சோகத்துக்கு மாத்திரை நிறைய இருக்கு. இந்த அருவருப்புக்கு இதுவரைக்கும் ஒண்ணும் இல்லாம இருந்தது. இப்ப இது இருக்கு."

அவர் காட்டியது பட்டாணி அளவில் ஒரு வெள்ளைக் குமிழ். காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் வைத்துவிட்டால் அது அந்த இடத்தைத் தூங்க வைத்துவிடும் என்றார். அதற்கு வாயில் நுழையாத ஒரு பெயர் இருந்தது. வைத்துக்கொண்டவர்கள் பட்டாணி என்றே சொன்னார்கள்.

"மூக்கு போயிருமுங்களா டாக்டர்? எனக்கு அதான் பொழப்பு."

"மூக்கு அப்படியே இருக்கும். எல்லா வாசனையும் தெரியும். குமட்டாது, அவ்வளவுதான்."

பொய்யில்லை. அப்படியேதான் நடந்தது. வைத்த மறுநாள் காலையில் கோகிலவாணி துண்டை எடுத்துவிட்டுக் கண்ணாடியைப் பார்த்தாள். சிக்குப் பிடித்த தலையோடு ஒருத்தி நின்றாள். பரவாயில்லை என்று தோன்றியது. ஏழு மாதத்துக்குப் பிறகு தன் முகத்தைப் பார்த்து வந்த பரவாயில்லை. குளித்தாள், தலை பின்னினாள், மூன்று தோசை சாப்பிட்டாள். முழங்கை வெறும் முழங்கையாக இருந்தது. அந்த நிம்மதியைக் குறை சொல்ல அவளைப் போல் கிடந்து பார்க்காத யாருக்கும் உரிமையில்லை.

கணவன் சபரிநாதன் ஊருக்கெல்லாம் போன் போட்டுச் சொன்னான். அவனுக்கு சிசிடிவி பொருத்துகிற தொழில். வீட்டுக்கு வந்த தன் அக்காவிடம் அவள் எதிரிலேயே சொன்னான்.

"ஏழு மாசம் பொணம் மாதிரி கெடந்தாக்கா. பக்கத்துல படுக்கவே அருவருப்பா இருக்கும். இப்பத்தான் பொம்பள மாதிரி இருக்கறா."

அந்த அம்மாள் சிரித்தாள். கோகிலவாணியும் சிரித்தபடி இன்னொரு கரண்டி சாம்பார் ஊற்றினாள். ஒரு வாய் வைத்ததுமே சபரிநாதன் தூவென்று துப்பினான்.

"ஊசிப்போயிருக்குதுடி! உனக்குத் தெரியலியா?"

தெரிந்திருந்தது. நேற்றைய சாம்பாரைச் சுடவைத்து இறக்கும்போதே ஊசல் வாடை வந்ததைக் கவனித்திருந்தாள். மணி பதினொன்று என்று கவனிப்பது மாதிரி கவனித்திருந்தாள், அவ்வளவுதான். அதனால் என்ன என்று தோன்றியதால் ஊற்றினாள். ஊரையே மோப்பம் பிடிக்கிறவள் வீட்டில் ஊசின சாம்பாரா என்று அக்காவும் தம்பியும் கேலி பேசினார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள்.

அதற்கு அடுத்த மாதம் அந்த டேங்கர் வந்தது. மேல்மூடியைத் திறந்து முகர்ந்ததும் மூக்கு எப்போதும்போலப் பிரித்துச் சொன்னது. அடியில் புளிப்பு, மேலே சோப்பு. புளித்துப்போன பாலில் சலவைச் சோடாவைக் கொட்டிப் புளிப்பை அமுக்கியிருந்தார்கள். திருமூர்த்தி பக்கத்திலேயே நின்றார். டேங்கர் வரும்போது அவர் அப்படி வந்து நிற்கிற வழக்கமில்லை.

"சோடா போட்டிருக்குதுங்க சார்."

"கொஞ்சூண்டுதான். மெஷின்ல பாஸ் ஆயிருச்சு. ஹாஸ்டல் ஆர்டர்ம்மா இது, பொட்டப்புள்ளைங்க காத்திட்டிருக்கும். திருப்பி அனுப்பிச்சா பச்சைத் தண்ணியவா குடிப்பாங்க?"

பழைய கோகிலவாணியாக இருந்தால் இதைக் கேட்டதுமே வயிற்றிலிருந்து ஒன்று எழும்பி வந்து தொண்டையில் நின்றிருக்கும். அப்படி எதுவும் வரவில்லை. இவர் சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறது, அப்படிச் செய்தாலும் ஒன்றுதான், இப்படிச் செய்தாலும் ஒன்றுதான் என்று இருந்தது. கையெழுத்துப் போட்டாள்.

பத்தடி தள்ளிக் கேன் கழுவிக்கொண்டிருந்த பேபியக்கா எழுந்து வந்தாள். கண் சிவந்திருந்தது.

"எனக்கே இங்கிருந்து குடலப் பொரட்டுது. நீ மோந்து பாத்துட்டுமா கையெழுத்துப் போட்ட? சீ! நீயெல்லாம் சோறுதான் திங்கறயா?"

சொல்லிவிட்டு அவள் காலடியில் காறித் துப்பினாள். கோகிலவாணி அந்த எச்சிலைப் பார்த்தாள். வெற்றிலைச் சிவப்பாக இருந்தது. அவமானம் வர வேண்டிய இடம் இது என்று தெரிந்தது. கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். வரவில்லை, உள்ளே போய்விட்டாள்.

மூன்றாம் நாள் பேப்பரில் செய்தி வந்தது. விடுதி மாணவிகள் நாற்பத்துமூன்று பேருக்கு வாந்தி பேதி, ஆறு பேர் தீவிர சிகிச்சையில், காரணம் விசாரிக்கப்படுகிறது. கோகிலவாணி டீ குடித்தபடி முழுவதும் படித்தாள். டீ நன்றாக இருந்தது. கடைசி வாய் வரை குடித்துவிட்டுத்தான் டம்ளரைக் கீழே வைத்தாள். வைத்த பிறகு அவளுக்குப் பயம் வந்தது.

அருவருப்பைத்தான் டாக்டர் தூங்க வைத்திருந்தார். பயம் விழித்துத்தான் இருந்தது.

சமையலறைக்குப் போய்க் குப்பைக்கூடையைத் திறந்தாள். அழுகின வெங்காயமும் மீன் செதிலும் கிடந்தன. முகத்தை உள்ளேயே விட்டு மூச்சிழுத்தாள். வெங்காயம், மீன், இரண்டு நாள் என்று மூக்கு ஒழுங்காகச் சொன்னது. எழுந்துபோய்க் கண்ணாடியைப் பார்த்தாள். கன்னத்தில் ஒரு செதில் ஒட்டியிருந்தது. நாற்பத்துமூன்று பிள்ளைகளைப் படுக்க வைத்த அந்த முகத்தைப் பார்த்தும் அதே பரவாயில்லைதான் வந்தது.

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. ஆறுதல் என்று இரண்டு மாதமாக அவள் மடியில் கட்டிக்கொண்டிருந்த பரவாயில்லையும், அந்த டேங்கருக்குப் போட்ட கையெழுத்தும் ஒன்றேதான். எதையும் திருப்பி அனுப்பத் தெரியாத மூக்கு, நல்லது என்று சொன்னால் அதற்கு என்ன மதிப்பு? அவளை அவள் ஏற்றுக்கொள்ளவே இல்லை. கெட்ட பாலைப் போல அவளையும் யாரோ பாஸ் போட்டு உள்ளே விட்டிருந்தார்கள்.

எடுத்துவிட்டால் அந்தப் பழைய ஏழு மாதம் திரும்பி வரும். வந்தால் இந்த முறை எழுந்திருப்போமா என்பது அவளுக்கு நிச்சயமில்லை. எடுக்காவிட்டால் எந்தக் காகிதத்தை நீட்டினாலும் கையெழுத்துப் போட்டுக்கொண்டே இருப்பாள். முகத்தைக்கூடக் கழுவாமல் ஈரோட்டுக்குப் பஸ் ஏறினாள்.

டாக்டர் யசோதரா மதியச் சாப்பாட்டில் இருந்தார். மேசையில் எவர்சில்வர் டப்பா, டப்பாவில் தயிர்ச்சோறு.

"உக்காருங்க கோகிலா. தையல் போட்ட இடம் வலிக்குதா?"

"வலியெல்லாம் இல்லீங்க. இத எடுத்துருங்க டாக்டர்."

"எதுக்கு? நீங்க முதல் தடவை வந்தப்ப பதினோரு நாள் குளிச்சிருக்கல. நான் இல்லாமப் போயிட்டா எல்லாருக்கும் நல்லதுன்னு சொன்னீங்க. ஞாபகம் இருக்கா?"

"இருக்குதுங்க."

"எடுத்தா அது திரும்ப வரும். வரலாம்னு சொல்லல, வரும்."

"வரட்டுங்க. நான் கெட்ட பாலுக்குக் கையெழுத்துப் போட்டுட்டேனுங்க. தெரியாம இல்லீங்க, தெரிஞ்சேதான். நாத்தம் தெரிஞ்சுது, சீன்னு தோணல. நாப்பத்திமூணு புள்ளைங்க ஆஸ்பத்திரில கெடக்குதுங்க. அதப் பேப்பர்ல படிச்சுட்டே டீ குடிச்சனுங்க. ஒரு சொட்டு மிச்சம் வெக்கலீங்க."

"அது வருத்தமான விஷயம்தான்," என்றார் டாக்டர். மழை வரும்போலிருக்கிறது என்று சொல்கிற குரலில் சொல்லிவிட்டு இன்னொரு கவளம் எடுத்தார். விரலுக்கும் டப்பாவுக்கும் நடுவே சோறு நூல் நூலாக இழுபட்டது.

கோகிலவாணியின் மூக்கு கதவைத் திறக்கும்போதே சொல்லியிருந்தது. அவள்தான் இதுவரை காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"டாக்டர், அந்தச் சோறு என்னைக்குப் பெசஞ்சதுங்க?"

டாக்டர் டப்பாவைப் பார்த்தார். கொஞ்சம் யோசித்தார். "ஞாயித்துக்கிழமைன்னு நினைக்கிறேன்."

அன்று புதன்கிழமை.

"உங்களுக்கும் வெச்சிருக்குதுங்களா?"

யசோதரா மறைக்கவில்லை. மறைக்க வேண்டும் என்று தோன்றுவதற்குக்கூட ஒரு கூச்சம் வேண்டுமல்லவா? முடியை ஒதுக்கிக் காதுக்குப் பின்னால் இருந்த தழும்பைக் காட்டினார்.

"ஆறு வருஷமாச்சு. முதல் ஆள் நான்தான். என்கிட்ட ஒரு பையன் வைத்தியத்துக்கு வந்துட்டிருந்தான். நான் ஒழுங்காக் கவனிச்சிருந்தா இன்னைக்கு இருந்திருப்பான். அதுக்கப்புறம் என் கையை எனக்கே பார்க்கப் பிடிக்காமப் போச்சு. இந்தக் கையாலதானே எழுதிக் கொடுத்தேன்னு இருக்கும். வெச்சுக்கிட்டேன். நின்னுபோச்சு."

"என்னைக் கம்பெனிக்காரங்கதான அனுப்பினாங்க? வேற யாருக்கெல்லாம் வெக்கச் சொல்றாங்க?"

"பட்டியல் அவங்களே அனுப்புவாங்க. எல்லாரும் கையெழுத்துப் போடறவங்க. உங்க கம்பெனி மட்டும் இல்ல, மத்த கம்பெனிலயும் மருந்து பாக்கறவங்க, பாலம் பாக்கறவங்க. அதுல மனசு சோர்ந்து போனவங்களாப் பாத்து அனுப்புவாங்க. நீங்க இருநூத்திப் பன்னண்டாவது."

திருமூர்த்தி மின்விசிறியைக் கூட்டி வைத்ததெல்லாம் எதற்கென்று இப்போது புரிந்தது. நொந்து கிடப்பவர்களைத் தேடிப்பிடித்து, மருந்து என்று சொல்லி, முகம் சுளிக்கிற உறுப்பைக் கழற்றிவிட்டு அனுப்பியிருக்கிறார்கள். மாட்டுக்கு ஊசி போட்டுப் பால் கறக்கிறவன்கூட இவ்வளவு துணிய மாட்டான்.

"இது தப்புன்னு உங்களுக்குத் தெரியலீங்களா டாக்டர்?"

"தெரியுது. உங்களுக்கு அந்தப் பால் நாத்தம் தெரிஞ்ச மாதிரிதான் தெரியுது," என்றார் யசோதரா. டப்பாவை மூடிவிட்டுக் கை கழுவினார். "படுங்க. எடுத்துடறேன். எடுக்க வேண்டாம்னு சொல்லவும் எனக்கு ஒண்ணும் தோணல."

கால் மணி நேரத்தில் எடுத்துவிட்டார். பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவுக்கு ஒரு சீட்டும் எழுதிக் கொடுத்தார். அந்த மட்டுக்கு அவருக்குள் ஒரு டாக்டர் மிச்சமிருந்தார்.

பஸ் பவானி தாண்டுவதற்குள் எல்லாம் திரும்பி வந்தது. முன்சீட்டுக்காரரின் எண்ணெய்த் தலை, கம்பியின் பிசுக்கு, யாரோ உரித்துப் போட்ட ஆரஞ்சுத் தோல். அப்புறம் ஒவ்வொன்றாக அவள் செய்தவை வந்தன. ஊசின சாம்பார் வந்தது. பொணம் மாதிரி கெடந்தா என்று புருஷன் சொன்னதும் அதற்குத் தான் சிரித்ததும் வந்தன. டேங்கரின் சோப்பு நாற்றம் வந்தது. பெயர் தெரியாத நாற்பத்துமூன்று பிள்ளைகள் வந்தார்கள். ஜன்னல் வழியே எட்டி வாந்தியெடுத்தாள். பின்னாலிருந்தவர்கள் திட்டினார்கள்.

வீட்டில் நான்கு நாள் சுவரைப் பார்த்தபடி கிடந்தாள். சபரிநாதன் வாசற்படியிலேயே நின்று கேட்டான்.

"மறுபடியும் ஆரம்பிச்சுட்டியா? நல்லாத்தான இருந்த? எதுக்குடி அத எடுத்த?"

"நல்லா இருக்கலீங்க. மரத்துப் போயிருந்தேன்," என்றாள் சுவரைப் பார்த்தபடியே. "என்னப் பாத்தா உங்களுக்கு அருவருப்பா இருக்குதுன்னு உங்கக்காகிட்டச் சொன்னீங்களே, அன்னைக்கு எனக்கு வலிச்சிருக்கோணும். இப்ப வலிக்குது."

 மறுநாள் சபரிநாதன் அவள் கேட்காமலே சீட்டை எடுத்துக்கொண்டு அவளைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். மூன்று மணி நேரம் வரிசையில் உட்கார்ந்தார்கள். அங்கிருந்த டாக்டரம்மா மாத்திரை கொடுத்தார், வாரா வாரம் வரச் சொன்னார், ஒரே நாளில் சரியாகிவிடும் என்று சொல்லவில்லை. அது கோகிலவாணிக்குப் பிடித்திருந்தது.

ஒன்பதாம் நாள் வேலைக்குப் போனாள். சரியாகிவிட்டதால் போகவில்லை. அவள் நாற்காலியில் இன்னொரு பட்டாணி உட்கார்ந்துவிடக்கூடாது என்றுதான் போனாள். காலையிலேயே அந்த டேங்கர் வந்து நின்றது. அவளுக்குப் பட்டாணி இல்லை என்பது தெரியாமல் திருமூர்த்தியும் வந்து நின்றார்.

மேலே ஏறுவதற்கு முன் கையை மடித்து மூக்கைப் பதித்தாள். நாறியது. வியர்வை, மாத்திரை, நான்கு நாள் படுக்கை. பழைய செத்த எலியும் அதில் இருந்தது. மூக்கை எடுத்துவிடத்தான் நினைத்தாள். பிறகு எடுக்காமல் இன்னொரு முறை இழுத்தாள். பூஜ்ஜியம் மணக்க வேண்டும் என்று யார் சொன்னது? அது அவளுடையதாக இருந்தால் போதாதா? இதுதான் நான், இன்றைக்கு இவ்வளவுதான், இதிலிருந்து எண்ண ஆரம்பிக்கலாம் என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே ஏணியில் ஏறி மூடியைத் திறந்தாள்.

அது வேறு நாற்றம். அவளுடைய நாற்றத்துக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. அவளுடையது நோய். இது அயோக்கியத்தனம். இத்தனை மாதம் இரண்டையும் ஒரே பாத்திரத்தில் போட்டுக் குழப்பியிருக்கிறோமே என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. கீழே இறங்குவதற்குள் வயிறு புரட்டியது. அடக்க அவள் முயலவில்லை. திருமூர்த்தியின் பளபளத்த ஷூ பக்கத்தில் இருந்தது, அதன்மேலேயே எடுத்தாள்.

"சீ!" என்றாள் வாயைத் துடைத்துக்கொண்டு. இத்தனை சத்தமாக அந்தச் சொல்லை அவள் இதுவரை சொன்னதில்லை. "இதுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டனுங்க சார்."

"உனக்கு உடம்பு சரியில்லம்மா. வீட்டுக்குப் போ," என்றார் திருமூர்த்தி. அன்பெல்லாம் வற்றிப்போன குரல்.

"ஆமாங்க, சரியில்லதானுங்க. ஆனா மூக்கு சரியா இருக்குது."

வீட்டுக்குப் போகவில்லை. உணவுப் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போய்ப் புகார் எழுதினாள். சோடாவைப் பற்றி எழுதினாள், பட்டியலைப் பற்றி எழுதினாள். விடுதிக்குப் போன பாலுக்குத் தெரிந்தே கையெழுத்துப் போட்டவள் நான்தான் என்று முதல் வரியிலேயே எழுதினாள். எழுதும்போது தன்மேல் வந்த அருவருப்பை அவள் தள்ளிவிடவில்லை. இது நோயில் வருகிற அருவருப்பல்ல, வர வேண்டியதுதான் வருகிறது என்று அவளுக்குத் தெரிந்தது. அன்று மாலையே கம்பெனி அவளை வேலையைவிட்டு நிறுத்தியது. தீவிர சிகிச்சையில் இருந்த ஆறு பிள்ளைகளும் பிழைத்து வீடு திரும்பினார்கள் என்று கேள்விப்பட்ட அன்று, பல நாளுக்குப் பிறகு தலைக்குக் குளித்தாள். வழக்கில் அவள் பெயரும் சேர்ந்தது. விசாரணை இன்னும் நடக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு யாரோ கேட்டைத் தட்டினார்கள். கோகிலவாணிக்கு அது நல்ல நாளில்லை. மூன்று நாளாகப் பாத்திரம் துலக்கவில்லை, தலை வாரவில்லை. அப்படியே எழுந்துபோய்த் திறந்தாள்.

டாக்டர் யசோதரா நின்றுகொண்டிருந்தார். புடவை ஏனோதானோவென்று சுற்றியிருந்தது. ஒரு கையில் கசங்கிய காகிதக் கட்டு, மறு கையால் மூக்கைப் பொத்தியிருந்தார். காதுக்குப் பின்னால் வெள்ளையாகப் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது.

"நானே எடுத்துட்டேன்," என்றார். நிதானமான அந்தக் குரலைக் காணோம். "நேத்து. உங்க புகாரைப் படிச்சதும் பயம் வந்துடுச்சு, அதான் எடுத்தேன். எடுத்ததும் ஆறு வருஷம் மொத்தமா வந்துடுச்சு கோகிலா. அந்தப் பையன் வந்துட்டான். மிச்ச இருநூத்திப் பதினோரு பேருக்கும் சொல்லணும், எடுக்கணும். முதல் நம்பரைக்கூட என்னால போட முடியல. போனைத் தொட்டா என் கையே..."

முடிக்க முடியாமல் திரும்பி, சாக்கடை ஓரமாகக் குனிந்து வாந்தியெடுத்தார். கோகிலவாணி ஓடிப்போய் அவர் நெற்றியைத் தாங்கிப் பிடித்தாள். முதுகைத் தடவினாள். வாந்தி அவள் காலில் தெறித்தது. குமட்டியது. கையை எடுக்கவில்லை.

"எப்படிம்மா இதோட இருக்கீங்க?" என்று கேட்டார் யசோதரா, குனிந்தபடியே. "தாங்குமா?"

பொய் சொல்லக் கோகிலவாணிக்கு மனம் வரவில்லை.

"சில நாள் தாங்காதுங்க. அன்னைக்கு மாத்திரையப் போட்டுட்டு சும்மா கெடப்பேன். மறுநாள் கொஞ்சம் தாங்கும்."

கீழே விழுந்துகிடந்த காகிதக் கட்டை எடுத்துத் தட்டினாள். எல்லாம் பெயர்கள், எண்கள். கடைசிப் பெயர் அவளுடையது.

"நீங்க பேரச் சொல்லுங்க, நான் போன் போடறேன்," என்றாள். "உள்ள வாங்க டாக்டர். ஊடு நாறும். நானும்தான்."

யசோதரா மூக்கைப் பொத்தியிருந்த கையை எடுத்தார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.